நடுவர் இல்லாத மேடையிலும் நடுவரின் கண்

கோவில்பட்டி வட்டாரத் தேவராட்டக் குழுக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கருத்து தவறாமல் காதில் விழும். போட்டி மேடை இந்த ஆட்டத்தைக் கெடுத்தது, ஊர் ஊராகப் போய் ஆடும் குழுக்கள்தான் காப்பாற்றின என்பார்கள். முதல் பாதியில் உண்மை நிறைய இருக்கிறது. இரண்டாம் பாதியை அப்படியே ஒத்துக்கொள்ள முடியவில்லை. வெளியூர் மேடை ஏறிய குழுக்கள் ஆட்டத்தைச் சாதிச் சடங்கின் வேலிக்கு வெளியே கொண்டுவந்தன, ஆடுகிறவனுக்குக் கூலியும் பெயரும் வாங்கித் தந்தன. அது சின்னக் காரியம் இல்லை. ஆனால் மதிப்பெண் போட யாரும் உட்கார்ந்திராத மேடையிலும் அவை மதிப்பெண்ணுக்கு ஆடுவதுபோலவே ஆடுகின்றன. அந்தக் குறையைப் பார்க்க, ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தேவராட்டம் இராஜகம்பள நாயக்கர் சமூகத்து ஆண்களின் ஆட்டம். கல்யாணம், சடங்கு, சாவு, ஜக்கம்மா கோயில் விழா என்று அந்தச் சமூகத்தின் வாழ்க்கையோடு ஒட்டியே இருந்தது. பாட்டு கிடையாது, கதை சொல்வதும் கிடையாது. உறுமி இனத்தைச் சேர்ந்த தேவதுந்துமிதான் எல்லாம். தலையில் பாகை, காலில் சலங்கை, கையில் கைக்குட்டை, வரிசையாக நிற்பார்கள். முதலில் நிற்பவர் ஓர் அடவைத் தொடங்குவார். அது வரிசையில் ஒருவர் ஒருவராகப் பற்றி, எல்லோர் காலிலும் வந்த பிறகு அவர் அடுத்ததற்கு மாறுவார். எந்த அடவு எப்போது வரும், எத்தனை சுற்று நிற்கும் என்பது முதல் ஆளுக்கும் கொட்டுக்காரருக்கும் நடுவே அந்த நேரத்தில் முடிவாகிற விஷயம். முப்பத்திரண்டு அடவு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அதற்கு மேலும் சொல்வார்கள். கணக்கு எதுவானாலும் ஆட்டத்தின் உயிர் அடவுகளின் எண்ணிக்கையில் இல்லை. ஓர் அடவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த இடைவெளியில், வரிசை இன்னும் ஒன்றாகச் சேராமல் சேர்ந்துகொண்டிருக்கும் சில நொடிகளில் இருக்கிறது. மெல்லத் தொடங்கி வேகம் பிடிக்கும் ஆட்டத்தில் அந்த நொடிகள் சுருங்கிக்கொண்டே போகும். பார்க்கிறவனுக்குப் பதைபதைப்பு அங்கேதான்.

போட்டி மேடைக்கு இந்த இடைவெளி ஆகாது. பள்ளிக் கல்வித்துறை 2022 முதல் நடத்தும் கலைத் திருவிழாவானாலும் பல்கலைக்கழக இளைஞர் விழாவானாலும் நடுவருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடங்கள். அதற்குள் அடவுகளை முன்கூட்டியே வரிசைப்படுத்தி, எண்ணி, எல்லோரும் ஒரே நொடியில் மாறும்படி பழக்கிவிடுகிறார்கள். வரிசை முதல் ஆளைப் பார்த்துப் பின்தொடர்ந்தால் அது பிசகு. மனப்பாடமாகச் சேர்ந்து மாறினால் ஒழுங்கு. ஆட்டத்தின் சாரமாக இருந்தது இங்கே குற்றமாகிவிடுகிறது. இது நம் ஊர் நடுவர்களின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. போட்டி என்ற ஏற்பாடு எங்கே போனாலும் இதைத்தான் செய்யும். ஸ்காட்லாந்தின் மலைநாட்டு நடனத்தைப் பாருங்கள். அதற்கென்று 1950-இல் ஒரு வாரியம் அமைந்து, அடவுகளை ஒரே சீராக வரையறுத்தது. அந்தப் போட்டிகளில் நூறு மதிப்பெண்ணில் எண்பது நுட்பத்துக்கு, பத்து தாளத்துக்கு, பத்து தோற்றத்துக்கும் நடத்தைக்கும். குதிகால் எங்கே நின்றது, கை எந்த உயரத்தில் வளைந்தது என்று அளக்கலாம். ஆடுகிறவர் இசையோடு என்ன பேசினார் என்பதை அளப்பது கடினம். அளக்க முடிந்தது வளர்ந்தது.

இந்த நெருக்கடிக்கு மாற்றாக வந்ததுதான் பயண மேடை. தூத்துக்குடி மாவட்டத்து ஜமீன் கோடாங்கிபட்டி இந்த வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டிய ஊர். அந்த ஊர் ஆசிரியர் குமாரராமன் தேவராட்டத்தைத் தன் ஊரோடு நிறுத்தாமல் வெளியாருக்குக் கற்றுக்கொடுத்தவர் என்று அறியப்படுபவர். 2007-இல் தொடங்கி, இடையில் நின்று, 2023-இல் மறுபடி உயிர்பெற்ற சென்னை சங்கமமும், தஞ்சாவூரில் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையத்தின் விழாக்களும் கிராமியக் குழுக்களுக்குப் பெருநகரப் பார்வையாளரைத் தேடித் தந்தன. இதனால் விளைந்த நன்மைகளில் பெரியது, பிறப்பால் வராதவரும் இந்த ஆட்டத்தைக் கற்க முடிந்தது. இன்று பள்ளிகளில் பெண் பிள்ளைகள் தேவராட்டம் ஆடுகிறார்கள். தாத்தா காலத்தில் நினைத்தும் பார்க்க முடியாதது. கொங்குப் பகுதியில் வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்பித்த பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது நாடு பாராட்டியதும் இதே வகைத் துணிச்சலைத்தான். சடங்கிலிருந்து பிரித்தால் ஆட்டம் செத்துவிடும் என்று பயந்தவர்களுக்கு இந்தப் பிள்ளைகளின் கால்களே பதில்.

இவ்வளவும் சரி. பிறகு குறை எங்கே? வெளிமேடையில் நடுவர் இல்லை. அதிகாரியும் அறிவிப்பாளரும் அடுத்த குழுவும் இருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் இறங்கச் சொல்வார்கள். குழு தன் கையிருப்பில் எடுப்பாக இருப்பதை எடுத்து ஆடுகிறது. எடுப்பாக இருப்பது எதுவென்று ஏற்கெனவே போட்டி சொல்லிக்கொடுத்திருக்கிறது. மெதுவான தொடக்கம் போய்விடுகிறது. பல மேடைகளில் முதல் அடவே முக்கால் வேகத்தில் தொடங்குகிறது. ஒருவரை ஒருவர் பார்த்து ஆடிய வரிசை, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. முன்னால் நிற்பவர் வழிநடத்துவதில்லை, நடுவில் நிற்பதற்கான ஆளாகிறார். கொட்டுக்காரர் ஓரத்தில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில். ஆட்டக்காரர் காலைப் பார்க்க வேண்டியவருக்கு முதுகுதான் தெரிகிறது. அயர்லாந்து நடனத்துக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். 1994-இல் டப்ளினில் ஒரு பாட்டுப் போட்டியின் இடைவேளை நிரப்பலாக ஏழு நிமிடம் ஆடப்பட்ட ரிவர்டான்ஸ், அடுத்த ஆண்டே முழுநீள நிகழ்ச்சியாகி உலகம் சுற்றியது. முதன்மை ஆட்டக்காரர்கள் போட்டிகளில் வென்று வந்தவர்கள். கையை அசைக்காமல் ஆட வேண்டும் என்ற போட்டி விதியை அவர்கள் உடைத்தது உண்மை. ஆனால் போட்டி வளர்த்த வேகத்தையும், பிசிறில்லாத நீள வரிசையையும் பல மடங்கு பெரிதாக்கி அதையே விற்பனைச் சரக்காக்கினார்கள்.

எது மேடைக்குப் போயிற்று என்பதோடு எது போகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இதே சமூகத்தாரிடம் சேவையாட்டம் என்று இன்னொன்று உண்டு. பெருமாள் வழிபாட்டோடு சேர்ந்தது. பாட்டும் கதையும் கோமாளியும் உண்டு. ஆற அமர நடக்கும். அது வெளியூர் போகவில்லை என்றே சொல்லலாம். சொல் இல்லாத தேவராட்டம் எந்த மொழிக்காரன் முன்னாலும் ஆடத் தகும் என்பதால் பயணப்பட்டது; சொல் உள்ளது ஊரிலேயே தங்கிவிட்டது. இரண்டையும் அறிந்த ஊரில் ஒன்று மற்றொன்றுக்கு நிழல் தந்தது. வெளியூர்க்காரன் கையில் கிடைப்பது ஒரு கிளை மட்டும்.

இன்னொரு சங்கதி யாரும் கணக்கில் எடுக்காதது: நாள்காட்டி. கரிசலில் மழையை நம்பி புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிறார்கள்; உளுந்தும் பாசியும் மார்கழி, தையில் வீட்டுக்கு வரும். நிலம் சும்மா கிடக்கும் பங்குனி, சித்திரையில் கோயில் விழாக்கள். பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலய விழாவும் அந்த வெயிலில்தான். ஆட்டம் வேலையில்லாத மாதங்களில் வளர்ந்தது. அரசு மேடைகளோ பொங்கலையும் குடியரசு நாளையும் ஒட்டி, சரியாக அறுவடைக் காலத்தில் அழைக்கின்றன. காட்டில் வேலையுள்ள மூத்தவர் போக முடியாது. கல்லூரிப் பையன்தான் போவான். அவன் நன்றாக ஆடுவான், சந்தேகமில்லை. ஆனால் முதல் ஆளாக நின்று அடவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கற்றுவர ஆண்டுகள் பிடிக்கும், அதைப் பெரியவர் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும். மூத்தவர் இல்லாத பயணத்தில் அந்தப் படிப்பு நடக்காது. அதனால் முன்கூட்டியே அமைத்த வரிசையே பாதுகாப்பான வழியாகிவிடுகிறது. இளைஞர்களைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, பார்வையாளர் பொறுமையைப் பற்றியது. சென்னைப் பூங்காவில் நின்றுகொண்டு பார்க்கிறவன் மெதுவான தொடக்கத்துக்கு நிற்கமாட்டான் என்கிறார்கள். அதே சென்னையில் மார்கழி மாதம் முழுக்க ஆலாபனைக்கு உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பொறுமை பிறவிக் குணம் இல்லை. எதற்குப் பொறுமை காட்ட வேண்டும் என்பதை மேடையும் அறிவிப்பும் நாற்காலியும் சேர்ந்து கற்பிக்கின்றன. கிராமியக் கலைக்கு நாற்காலி போடாமலே, அதற்கு ஆள் உட்காரவில்லை என்று சொல்வது நியாயமாகாது. இரண்டாவது மறுப்பு, காலத்துக்கேற்ப மாறாத கலை எது என்பது. மாற்றம் வேண்டாம் என்பது என் வாதமே இல்லை; பெண்கள் ஆடுவதும் அயலார் ஆடுவதும் நல்ல மாற்றங்கள் என்று மேலே சொன்னது அதனால்தான். யார் ஆடுகிறார்கள் என்பதைத் தாராளமாக மாற்றிய குழுக்கள், எப்படி முடிவெடுத்து ஆடுவது என்பதைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டன. மாற வேண்டியதும் மாறக் கூடாததும் இடம் மாறிப் போயின என்றுகூடச் சொல்வேன். மூன்றாவது, சமூகத்துக்குள்ளிருந்தே வரும் குரல்: இது எங்கள் சாமிக்கு ஆடுவது, சந்தைக்கு எதற்கு? அந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு. சடங்கில் ஆடுவதைச் சடங்கிலேயே வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. வெளியே கற்றுக்கொடுத்ததை வெளியார் ஆடக் கூடாது என்று இனித் தடுக்க முடியாது. வெளியே ஆடுகிறவன் எங்கிருந்து கற்றான் என்பதைச் சொல்லிவிட்டு ஆடினால் போதும்.

செய்யக்கூடியவை பெரிய திட்டங்கள் இல்லை. பத்து நிமிடத்தை இருபத்தைந்தாக்கி, குழுக்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். கொட்டுக்காரரை வரிசைக்கு எதிரே உட்கார வைக்கலாம். அழைப்பிதழில் குழுத் தலைவர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரையும் அச்சடித்து, சம்பளத்தையும் சமமாக்கலாம். அழைப்புகளில் பாதியைச் சித்திரைக்குத் தள்ளினால் மூத்த ஆட்டக்காரர் தடையில்லாமல் வருவார். இதில் எதுவும் கூடுதல் பணம் கேட்பதல்ல, அழைக்கிற அலுவலகத்தின் வசதியைத்தான் கொஞ்சம் கேட்கிறது. அலுவலகங்கள் பணத்தைவிட வசதியைத்தான் கஷ்டப்பட்டு விட்டுக்கொடுக்கும் என்பதால், முதல் அடி குழுக்களின் பக்கமிருந்தே வர வேண்டியிருக்கும்: அடுத்த அழைப்புக்கு ஒப்புக்கொள்ளும்போதே, இத்தனை நிமிடம், இந்த இடத்தில் கொட்டு என்று எழுதிக் கேட்பது.