தில்லைக் கிளையில் ஒரு கொக்கு

ஜப்பானிய ஓவியர் ஓஹாரா கோசோன் (1877–1945) வரைந்த கொக்கு அச்சோவியங்கள் பலவற்றில் பறவையின் உடம்புக்கு மையே கிடையாது. தாளின் வெண்மைதான் கொக்கின் வெண்மை. மை தடவாத மரக்கட்டையில் ஈரத்தாளை வைத்து அழுத்தித் தேய்த்து, இறகு வரிகளைப் புடைக்க வைத்திருக்கிறார்கள். நேரே பார்த்தால் வெறும் வெள்ளை. தாளைச் சற்றே சாய்த்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விழவிட்டால் இறகுகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும்.

1765 வாக்கில் ஓவியர் சுசுகி ஹருநொபுவோடு பல வண்ண மரக்கட்டை அச்சு ஜப்பானில் வேரூன்றியது. உதமாரோ, ஹொகுசாய், ஹிரோஷிகே மூவரும் பறவைகளைத் தொட்டார்கள். ஆனால் இது ஓவியர் ஒருவரின் கலை அல்ல. வரைபவர், காட்டுச் செர்ரிக் கட்டையில் செதுக்குபவர், வண்ணத்துக்கு ஒரு கட்டை வைத்து அச்சடிப்பவர், முதல் போடும் பதிப்பாளர் என நால்வர் கூடிச் செய்யும் தொழில். கோசோனுக்கு 1926 முதல் வதனபே ஷோசபுரோ அப்படியொரு பதிப்பாளராக வாய்த்தார். அச்சுகளில் பெரும்பங்கு அமெரிக்காவுக்குப் போனது. இந்த மரபில் பறவை தனித்து வருவது அபூர்வம். கொக்கென்றால் நாணல், தகைவிலான் என்றால் வில்லோ மரம். செடியைப் பார்த்தே பருவத்தைச் சொல்லிவிடலாம்.

நம் கரைக்கும் ஜப்பானுக்கும் பழைய பழக்கம் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் டச்சுக்காரர்கள் துணி வாங்கினார்கள். சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகள் அவர்கள் கப்பல்களில் ஜப்பான் வரை போயின. அங்கே தேநீர்ச் சடங்குப் பாத்திரங்களுக்கு உறை தைக்கும் அளவுக்கு மதிப்புப் பெற்றன. சாயமும் அச்சுக்கட்டையும் கைவந்த இந்தக் கரையில் பறவை அச்சு மட்டும் வேறு வழியாக வந்தது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1782இல் பாரிஸில் வெளியிட்ட பயண நூலில் பறவைகளைச் செப்புத்தகட்டு அச்சில் தந்தார். பிரிட்டிஷ் பறவையியலாளர் ஜெர்டன் 1843–47இல் சென்னையில் வெளியிட்ட நூலில் ஐம்பது பறவைப் படங்களைக் கல்லச்சில் கொண்டுவந்தார். அதில் இந்திய ஓவியர்களின் கை உண்டு. இரண்டுமே அருமையான வேலை. ஆனால் இனத்தை அடையாளம் காட்டுவதுதான் அவற்றின் நோக்கம். பறவை வாழும் இடமும் காலமும் அங்கே இரண்டாம்பட்சம்.

இன்று விற்கும் 'ஃபைன் ஆர்ட் பிரின்ட்' பெரும்பாலும் பருத்தித் தாளில் இங்க்ஜெட் அச்சு. வண்ணம் துல்லியமாக வரும், நெடுநாள் நிற்கும், புடைப்பு வராது. அதனால் கோசோனின் கொக்கை அதில் வாங்குவது எனக்கு நிறைவு தருவதில்லை. டோக்கியோவின் அடாச்சி நிறுவனம் பழைய முறையிலேயே புதுக்கட்டை செதுக்கி அச்சடிக்கிறது. விலை கூடினாலும் பணத்துக்கு அதுவே தகும். வெறுமனே பார்த்துப் பழக வேண்டுமானால் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம், சிகாகோ கலைக் காட்சியகம் போன்றவை தம் பழைய அச்சுகளின் பெரிய படங்களை இலவசமாகவே தருகின்றன.

பிச்சாவரத்தில் படகு ஏறினால் சுரபுன்னை வேர்களிடையே கொக்கும் மீன்கொத்தியும் நீர்க்காகமும் கைக்கெட்டும் தூரத்தில். சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை அங்கே இன்னும் காடாகவே நிற்கிறது. ஜப்பானியர் கொக்குக்கு நாணலைச் சேர்த்தது போல நம் கொக்குக்குத் தில்லையைச் சேர்த்து ஓர் அச்சோவிய வரிசை ஏன் வரக்கூடாது? ஐப்பசி மழைக்கு ஒரு தாள், வலசை வந்த உள்ளான்கள் திரியும் மார்கழிக்கு ஒரு தாள். சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியின் அச்சுப்பட்டறை இருக்கிறது. செதுக்கத் தெரிந்த கைகளும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. குறைவது வதனபேயைப் போல முதல் போட்டு, மற்ற மூவரையும் ஒரே மேசைக்குக் கூட்டும் ஒரு பதிப்பாளர்தான்.