வெண்ணாடையும் வழியும் பாத்திரமும்: 'ரைட்டியஸ்' என்னும் பாடல் குறித்து ஒரு திறனாய்வு

ஜூஸ் வேர்ல்ட் என்று அறியப்பட்ட அமெரிக்க ராப் பாடகர் ஜாரட் அந்தோணி ஹிக்கின்ஸ், 2019 டிசம்பர் 8ஆம் நாள் சிக்காகோ அருகே மரித்தார். 21 வயது நிறைந்து ஆறு நாட்களே ஆகியிருந்தன. ஆக்ஸிகோடோன், கோடீன் ஆகிய அபினி வழிவந்த இரு மருந்துகளின் நச்சுத்தன்மையால் தற்செயலாக நேர்ந்த மரணம் என்று மருத்துவ ஆய்வு அலுவலகம் முடிவு கூறியது. அவர் முன்னரே பாடிவைத்திருந்த 'ரைட்டியஸ்' 2020 ஏப்ரல் 24 அன்று வெளியாயிற்று. மனப்பதற்றமும் போதை அடிமைத்தனமுமே அதன் பொருள். தலைப்போ 'நீதியுள்ள' என்று பொருள்படுவது. நல்லம்பள்ளி போன்ற ஊர்களிலும் கைப்பேசி வாயிலாக இத்தகைய பாடல்கள் நம் வாலிபரை எட்டுகின்றன. ஆதலால், இதனை நாம் கருத்தூன்றிக் கேட்பது தகும்.

பாடலின் தொடக்கத்தில் பாடுபவர் விலையுயர்ந்த வெண்ணுடை உடுத்து, தம்மை நீதியுள்ளவராய் உணர்வதாகக் கூறுகிறார். அடுத்த கணமே அவர் கையில் மாத்திரைகள் தோன்றுகின்றன. படுக்கையருகே கோடீன் வழிந்தோடுகிறது. அவ்வுருவகம் 23ஆம் சங்கீதத்தின் நிரம்பி வழியும் பாத்திரத்தை நினைவூட்டுவது. அவர் பக்தியுள்ள தாயாரால் வளர்க்கப்பட்டவர். வேதமொழி அவர் நாவில் எழுந்ததில் வியப்பில்லை.

இதனைத் தேவதூஷணம் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் லூக்கா 18ஆம் அதிகாரத்தை இங்கே நினைத்தல் வேண்டும். ஆலயத்திற்குச் சென்ற இருவருள் தன்னை நீதிமானென்று எண்ணினவன் நீதிமானாகத் திரும்பவில்லை. மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரனே அவ்வாறு திரும்பினான். இப்பாடலிலோ அவ்விருவரும் ஒரே மனிதனுக்குள் நிற்கின்றனர். உடையினால் அவர் பரிசேயர், உண்மையுரைப்பதால் ஆயக்காரர். வெண்ணாடை தம் நிலையை மறைக்கவில்லை என்பதை அவரே வெளிப்படுத்திவிடுகிறார். தலைப்பிலுள்ள கசப்பான முரண் இதுவே. பாடலின் வலிமையும் இதுவே.

பதற்றத்தைத் தணிக்க உட்கொள்ளும் பொருள், அதன் வீரியம் குறைந்ததும் பதற்றத்தை மீண்டும் எழுப்புகிறது. உடல் அதற்குப் பழகியபின் முன்னைய அளவு போதாமற் போகிறது. அபினிவகை மருந்துகள் இரண்டு சேரும்போது சுவாசமே ஒடுங்கக்கூடும். மருந்தே நோயாகும் இச்சுழலைப் பாடல் விளக்கவில்லை, அதற்குள்ளிருந்தே பேசுகிறது. ஆகவே 'மனவலிமை இல்லாதவன்' என்று கூறி அடிமைப்பட்டவனைக் கடிந்துகொள்ளும் அருளுரை அவனை எட்டுவதில்லை.

எனினும் பாராட்டுக்கும் எல்லை உண்டு. பாடியவர் மரித்தபின் வெளியிடப்பட்ட பாடலாதலால், கேட்போர் அதனைத் தீர்க்கதரிசனமாகவும் மரண சாசனமாகவும் கொள்ள முற்படுகின்றனர். எப்பாடல் வெளிவரவேண்டும், எப்போது வெளிவரவேண்டும் என்பதை அவர் தெரிந்தெடுக்கவில்லை, பிறரே தெரிந்தெடுத்தனர். அதே ஆண்டு ஜூலை 10இல் வெளிவந்து இப்பாடலையும் உள்ளடக்கிய தொகுப்பிற்குப் 'புகழ் பெற்றோர் மரிப்பதில்லை' எனும் பொருள்படப் பெயரிட்டதும், அகால மரணத்திற்கு ஒரு மகிமையை ஏற்றுவதாகும். இளம் உள்ளங்களுக்கு இது ஆபத்தானது.

இறையியல் நோக்கில் பாடலின் குறை வேறொன்று. 23ஆம் சங்கீதக்காரன் இருளின் பள்ளத்தாக்கை அடையும்போது, கர்த்தரைப்பற்றிப் பேசுவதை விட்டு அவரோடு பேசத் தொடங்குகிறான். அதன்பின்னரே பாத்திரம் வருகிறது. அதை நிரப்புகிறவர் விருந்தளிக்கும் கர்த்தர். பாடலிலுள்ள பாத்திரத்தையோ பாடுபவர் தாமே நிரப்பித் தாமே பருகுகிறார். 88ஆம் சங்கீதமும் இருளிலேயே முடிகிறது. ஆறுதலான முடிவு அதற்கில்லை. ஆயினும் அது முதலிலிருந்தே தேவனை நோக்கி எழும் கூக்குரல். கேட்கிறவர் ஒருவர் உண்டு என்பதே வேதாகமப் புலம்பலின் உயிர்நாடி.

அவ்வாலிபன் கேட்கிறவரைக் காணவில்லை என்று குறைகூறுமுன், நம் ஆராதனைகளில் புலம்பலுக்கு எவ்வளவு இடம் உண்டு என்று நாம் வினவ வேண்டாமா? வாலிபர் கூட்டங்களில் துதியும் வெற்றிச் சாட்சியுமே ஒலிக்கின்றன. இன்னும் விடுதலை பெறாதவன் அங்கே என்ன சாட்சி கூறுவான்?

ஹிக்கின்ஸின் தாயார் கார்மேலா வாலஸ், மகன் மறைந்த சில மாதங்களில், பதற்றம், மனச்சோர்வு, அடிமைத்தனம் ஆகியவற்றோடு போராடும் இளைஞருக்காக ஒரு நிதியம் நிறுவினார். மகனின் வியாதியை அவர் மறைக்கவில்லை. நம் சென்னையிலும் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, குடிநோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் சிகிச்சை கிடைக்க வழிசெய்தார். வெட்கத்தினால் வாய்மூடாத துக்கம் பிறருக்கு வாசலாயிற்று.

போதகர்களும் இறையியல் மாணவரும் இவ்விருவரிடம் கற்கவேண்டியது உண்டு. அடிமைப்பட்டவன் பேசும்போது குறுக்கிடாது கேட்போமாக. மருத்துவம் தேவையெனில் தயங்காது மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக. அவன் வீட்டாரைத் தனியே விடாதிருப்போமாக. கேட்கிற தேவனைப் பிரசங்கிக்கும் திருச்சபை, முதலில் தானே கேட்கிற சபையாதல் வேண்டும்.