காலுக்குக் கீழே நொறுங்கிய பனி

மீமிசல் என்ற கடலோர ஊர்க்காரனுக்குப் பனி என்றால் என்ன? மார்கழி விடியலில் கரையில் கிடக்கும் நாட்டுப்படகின் பலகை மேல் முத்து முத்தாய் நிற்கும். துண்டால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். நாற்பது வருஷமாய் எனக்கும் அதுதான் பனி. போன தை மாதம் ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவில் அந்த நினைப்பு உடைந்தது, சத்தம் கேட்க உடைந்தது!

மச்சானும் நானும் பஸ் மாறி பஸ் மாறி ஊட்டி போய்ச் சேர்ந்தோம். "உறைபனி பாக்கணுமா? ராத்திரி மேகம் இருக்கக் கூடாது, காத்து அடிக்கக் கூடாது. வெயில் ஏறுறதுக்குள்ள தலைக்குந்தா போயிருங்க" என்றார் டீக்கடைக்காரர். எங்கிருந்து தூங்குவது? மணிக்கொரு தரம் ஜன்னலைத் திறந்து நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது! வானம் முழுக்கத் தெரிந்தது! நாலு மணிக்கே மச்சானை உலுக்கி எழுப்பிவிட்டேன்.

கூடலூர் சாலையில் ஆட்டோவை விட்டு இறங்கினோம். நினைத்துப் பாருங்கள்: இருட்டு மெல்லக் கரைகிறது, மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை, காது மடல் இருக்கிறதா என்றே தெரியவில்லை, எதிரே பள்ளத்தில் புல்வெளி முழுக்க வெள்ளை, எங்கள் பக்கத்து உப்பளத்தில் வாரிக் குவித்த உப்பை யாரோ ராத்திரியோடு ராத்திரியாய் இங்கே இறைத்துவிட்டுப் போனது மாதிரி வெள்ளை, நான் செருப்பைக் கழற்றி ஓடினேன், ஆமாம் ஐயா, வெறுங்காலோடு ஓடினேன், ஒவ்வொரு அடிக்கும் அப்பளம் நொறுங்குவது போல நொறுக் நொறுக்கென்று சத்தம், குனிந்து ஒரு புல்லைப் பறித்தால் அதன் ஓரமெல்லாம் ஊசி ஊசியாய்ப் பனிக்கட்டி, நின்றிருந்த ஸ்கூட்டர் சீட்டில் படிந்ததைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டேன், மச்சான் திட்டுகிறான், எனக்கோ கண்ணில் தண்ணீர், குளிராலா சந்தோஷத்தாலா, யாருக்குத் தெரியும்!

ஊட்டியில் இந்த உறைபனி வானத்திலிருந்து கொட்டுவதில்லை. இருந்த இடத்திலேயே பூக்கிறது. மேகம் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனம் கூடிப் பள்ளத்தில் இறங்கித் தேங்குகிறது. புல் நுனி பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே போனதும் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகக்கூட ஆகாமல் நேரே பனிக்கட்டியாக ஒட்டிக்கொள்கிறது. எங்கள் ஊரில் கடல் விடுமா? தை மாத ராத்திரியிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஊட்டியோ சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். மார்கழி, தையை முன்பனி என்றும் மாசி, பங்குனியைப் பின்பனி என்றும் பிரித்து வைத்தார்களே நம் முன்னோர்கள், அந்த ஒரே முன்பனிக் காலம் என் படகில் துளியாகவும் இங்கே கட்டியாகவும் படிகிறது!

இதே நாட்களில் காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் 40 நாள் 'சில்லாய் கலான்' என்னும் கடுங்குளிர். மேற்கேயிருந்து, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேகங்கள் அங்கே குல்மார்க்கில் பனியாகவே கொட்டுமாம். அதையும் பார்த்தே தீருவேன்.

தலைக்குந்தாவில் தேயிலை கருகிவிடும் என்று செடிகளைத் தாகை என்னும் செடியின் தழையால் மூடி வைத்திருந்தார்கள். அது மட்டும் மனசை லேசாக உறுத்தியது. அதற்குள் வெயில் மலை முகட்டைத் தாண்டிவிட்டது! வெள்ளையெல்லாம் பொன்னாகி, ஆவியாகி, என் கண் முன்னாலேயே எழுந்து போகிறது. அம்மாவுக்குப் போன் போட்டுத் தரைப்பக்கம் பிடித்து, மிச்சமிருந்த நிழலில் நாலடி மிதித்துக் காட்டினேன்.

"என்னடா சத்தம் அது?"

"பனிம்மா! பனியை மிதிக்கிறேன்!"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னாள், "இன்னொரு தரம் மிதி, கேக்குறேன்."