ஒடுங்கிய அறையும் ஒரு தாமரைக் குளமும்

புதுச்சேரி வைத்திக்குப்பம் போன்ற நெருக்கமான கடற்கரைத் தெருக்களில் மனைக்கு அகலம் குறைவு, ஆழம் அதிகம். அதில் எழும்புகிற கூடமும் ரயில் பெட்டி மாதிரிதான் அமையும். அப்படி ஒரு கூடம் வாய்த்தவருக்கு எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுண்டு. நீளச் சுவர்களுக்கு வெளிறிய நிறம், கடைசிச் சுவருக்குச் செங்காவி. கடைசிச் சுவர் கிட்டே வந்து கூடத்தின் நீளம் குறைந்துவிடும் என்பார்கள். யோசனை பொய்யல்ல. அடர்ந்த சிவப்பு முன்னே வருவதும் வெளிறிய நீலம் பின்வாங்குவதும் கண்ணின் சுபாவம். ஆனால் இது அறைக்கு மாறுவேஷம் போடுகிற வேலை. கண் ஏமாந்தாலும் தினமும் நடக்கிற காலுக்குத் தெரியாதா நீளம்?

சித்தன்னவாசலில் சித்திரம் தீட்டியவன் மாறுவேஷத்தை நாடவில்லை. புதுக்கோட்டைச் சீமையிலுள்ள அந்தச் சமணக் குகையின் முன்மண்டபமும் நம் கூடத்தின் ஜாதிதான். நீளம் அகலத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. தலைக்கு மேல் அதிக உயரமில்லாத பாறை. அங்கே வானத்தை எழுதி விதானத்தை உயர்த்திக் காட்ட அவன் முயலவில்லை. குளத்தை எழுதினான். தாமரை இலைகள், பூக்கள், மீன்கள், அன்னங்கள், எருமைகள், பூப்பறிக்கும் மனிதர்கள் எல்லாம் நெருங்கிக் கிடக்கின்றன. குளத்துக்குத் தலைமாடு கால்மாடு கிடையாது. எந்தப் பக்கமிருந்து அண்ணாந்தாலும் குளம்தான். பாறையின் தாழ்வே நமக்கும் பூவுக்கும் உள்ள தூரத்தைக் குறைக்கிறது. பெரும்பகுதி சிதைந்த பிறகும் அந்த நெருக்கம் போகவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் கதை வேறு. கருவறையைச் சுற்றிய ஒடுங்கிய நடையில், நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியிலிருந்த சோழர் ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டு சொன்னார். அங்கே பின்வாங்கி நின்று பார்க்க இடமில்லை. சுந்தரர் கதைக்கு அது குறையே ஆகவில்லை. தடுத்தாட்கொண்டதும், யானையேறிக் கைலாயம் போவதும் பகுதி பகுதியாக வருகின்றன, நடந்துகொண்டே படிக்கலாம். ஆனால் திரிபுராந்தகர் பேருருவம். எட்ட நின்றால்தான் அதன் வேகம் முழுதும் பிடிபடும். நடையோ எட்ட நிற்க விடாது. கைவன்மையில் அது சுந்தரர் கதைக்குக் குறைந்ததில்லை. இடத்துக்குப் பொருந்துவதில் ஒரு படி கீழே என்றுதான் சொல்வேன்.

நம் வீடுகளில் படங்களை மச்சுக்குக் கீழே, முன்சாய்வாக, வரிசையாக மாட்டிவிடுகிறோம். அவற்றை யாரும் பார்ப்பதில்லை. நீளக் கூடத்தில் சிறு படங்களைக் கண்மட்டத்தில், நடந்துபோகிறவன் ஒவ்வொன்றாகப் பார்க்கும்படி மாட்டலாம். பெரிய படம் ஒன்றிருந்தால் அதன் இடம் கடைசிச் சுவர். அதற்கு வேண்டிய தூரத்தை அந்த நீளமே கொடுத்துவிடும். செங்காவியும் அடிக்கலாம், நீளத்தை மறைக்க வேண்டாம், படத்துக்குப் பின்னணியாக இருக்கட்டும்.