மகாநாட்டு ஏடுகளும் அறிஞர் குழாமும்

ஓர் அறிஞர் குழாத்தின் வரலாற்றை ஆராய்வோர் அக்குழாத்தார் இயற்றிய பெருநூல்களையே பெரிதும் நாடுவர். ஆயின், நூலெதுவும் வெளியிடாது ஒரு கட்டுரை மாத்திரம் படித்துச் சென்றோரையும், எவ்வெப் பொருள்கள் எக்காலத்தில் ஆராயப்பட்டன என்பதையும் காட்டுவன மகாநாட்டு ஏடுகளேயாம். நிகழ்ச்சி நிரல், பேராளர் பட்டியல், கட்டுரைத் தொகுதி ஆகியவற்றைக் கணினியிலே தரவுத்தளமாகத் தொகுத்து ஆராயும் முறை இக்காலத்தில் வளர்ந்துள்ளது. அனைத்துலகத் தமிழாராய்ச்சி மகாநாடுகளுக்கும் அத்தகைய தளம் ஒன்று வேண்டும். எனினும், அது வெறும் எண்ணிக்கையாக அமையின் உண்மையை விளக்காது மறைத்துவிடும்.

முதலாவது இடர்ப்பாடு பெயர்பற்றியது. மேனாட்டார் வகுத்த தளங்கள் குடும்பப் பெயரை ஒரு நிரலிலும் இடுபெயரை மற்றொரு நிரலிலும் வேண்டுவன. தமிழர்க்கோ தந்தை பெயர் உண்டு. குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொள்ளின் தொடர்பற்ற இருவர் ஒரு குடும்பத்தவராவர். முதலெழுத்து ஓரிடத்தில் விடுபடின் ஒருவரே இருவராவர். 2020 இல் வெளிவந்த எண்ணிம மானிடவியல் மகாநாடுகளின் சுட்டியை ஆக்கியோர், அச்சிற் கண்ட பெயரை வேறாகவும் அப்பெயர்க்குரிய ஆளை வேறாகவும் பதிந்தனர். அம்முறை நமக்கும் ஏற்புடைத்து.

இரண்டாவது, நாடுபற்றியது. தனிநாயக அடிகளார் ஈழத்திற் பிறந்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவர். 1966 இல் முதன் மகாநாடு கோலாலம்பூரிற் கூடியபோது மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர். பதவியை மாத்திரம் நோக்கும் கணக்கு அவரை மலேசியாவுக்கே உரியவராக்கும். ஆகவே பிறந்த நாடும் பணிபுரிந்த நாடும் தனித்தனியே குறிக்கப்படல் வேண்டும்.

மூன்றாவதே தலையாயது. 1995 இல் எட்டாவது மகாநாட்டின்பொருட்டுத் தஞ்சாவூர் சென்ற பேராசிரியர் கா. சிவத்தம்பி முதலிய இலங்கையறிஞர் சிலர், அதிற் பங்குபற்ற இயலாது திருப்பியனுப்பப்பட்டனர். படிக்கப்பட்ட கட்டுரைகளை மாத்திரம் எண்ணுவோன் இதனை இலங்கையாரின் ஆர்வக் குறைவெனக் கருதுதல் கூடும். 1974 சனவரி 10 ஆம் நாள், யாழ்ப்பாண மகாநாட்டின் இறுதிப் பொதுக்கூட்டத்திலே உயிர்கள் பலியாயின. கட்டுரைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. அதன்பின் மதுரை மகாநாடு 1981 இலேயே கூடியது. தஞ்சாவூருக்கும் 2015 இற் கோலாலம்பூரிற் கூடிய ஒன்பதாவது மகாநாட்டுக்கும் இடையே இருபதாண்டுகள் கழிந்தன. இவ்விடைவெளிகளும் அக்குழாத்தின் வரலாறேயாம்.

எனவே, ஒவ்வொரு கட்டுரைக்கும் அறிவிக்கப்பட்டதா, படிக்கப்பட்டதா, அச்சேறியதா என மூன்று வினாக்களுக்கு விடை பதிதல் வேண்டும். வாராதார் பெயரும், அறியக்கூடியவிடத்து வாராமைக்குரிய காரணமும் இடம்பெறுதல் வேண்டும். முதன் மகாநாட்டுத் தொகுதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தமையின், தமிழிலே மட்டும் எழுதிய மரபுவழிப் புலவர் எத்துணையர் இடம்பெற்றனர் என்பதும் ஆராயத்தக்கது. நிகழ்ச்சி நிரல்களும் பேராளர் பட்டியல்களும் பல வீடுகளிலே செல்லரித்துக் கிடக்கின்றன. அவற்றை நூலகங்களிற் சேர்ப்பித்தலே இப்பணியின் முதற்படியாகும். எண்ணுதற்குரிய ஏடுகள் அழிந்தபின் எத்துணைச் சிறந்த கணினியும் பயன்றராது.