கோடரியும் புத்தகமும்

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்ன் நகரில், 1932-ஆம் ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பெற்ற வெண்கலச் சிலையொன்று உண்டு. ஆபிரகாம் லிங்கனின் இளமைக் கோலம் அது. வடித்தவர் பால் மான்ஷிப். உயரம் 12 அடிக்கும் அதிகம். மரத்தின் அடிக்கட்டையில் அமர்ந்திருக்கும் இளைஞனின் கையில் புத்தகம், அருகே கோடரி, பக்கத்தில் ஒரு நாய்.

உருவச் சிலை நம் மார்க்கத்திற்கு ஒவ்வாதது என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும், ஒரு சமுதாயம் தன் தலைவரின் வாழ்வில் எதைப் போற்றுகிறது, எதை மறக்கிறது என்பதை அதன் சிலைகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

தாடியும் நெடுந்தொப்பியுமாக நாம் கண்டு பழகிய லிங்கனை விடுத்து, சிந்தனை வயப்பட்ட இளைஞனைக் காட்டிய சிற்பியின் துணிவு பாராட்டுக்குரியதே. ஆனால் அந்த உடலில் வறுமையின் சுவடே இல்லை. கிரேக்க வீரனைப் போல வாட்டசாட்டமாக இருக்கிறான்! சிலையை எழுப்பியது லிங்கனின் பெயரையே தாங்கிய ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனி. வணிகத்திற்கு அழகிய முகம் தேவைப்பட்டது போலும்.

1816 முதல் 1830 வரை, ஏழு வயதிலிருந்து இருபத்தொன்று வரை, லிங்கன் இந்தியானாவில் வாழ்ந்தார். நச்சுச் செடி தின்ற மாட்டின் பாலால் வரும் நோய்க்கு 1818-இல் தாயைப் பறிகொடுத்தபோது அவருக்கு வயது ஒன்பது. பள்ளியில் பயின்ற நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. தந்தை அவரை அண்டை அயலாரிடம் கூலிக்கு அனுப்பினார். கூலியும் தந்தையின் கைக்கே சென்றது. கோடரி அவருக்கு அலங்காரப் பொருளன்று. நாள் முழுதும் அதனோடு மல்லாடியபின் எஞ்சிய பொழுதே புத்தகத்துக்குக் கிடைத்தது. சிலையிலோ இரண்டும் இணக்கமாக அருகருகே இருக்கின்றன.

பீடத்தில் ஈகை, மனவுறுதி, நீதி, நாட்டுப்பற்று எனும் நான்கு பண்புகளைப் புடைப்புச் சிற்பங்களாக்கியிருக்கிறார்கள். அந்த ஈகை லிங்கனுக்கு யாரிடமிருந்து கிடைத்தது? 1819-இல் மூன்று குழந்தைகளோடு அவ்வீட்டுக்கு வந்த மாற்றாந்தாய் சாரா புஷ் ஜான்ஸ்டன், எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் தாமே புத்தகங்களைக் கொண்டுவந்தார். பையன் படிக்கட்டும் என்று இடம் விட்டார். பிறர் வயிற்றுப் பிள்ளையைத் தன் பிள்ளையாய் ஏற்ற அந்த உம்மாவுக்கு, இத்தனை வெண்கலத்தில் ஒரு விரற்கடை அளவும் ஒதுக்கப்படவில்லை. சிலையின் பெருங்குறை இதுவே என்பது நம் கருத்து.

லிங்கன் மறக்கவில்லை. 1861 ஜனவரியில், குடியரசுத் தலைவர் பொறுப்பேற்க வாஷிங்டன் புறப்படுமுன், இல்லினாய்சில் முதுமையில் இருந்த அந்த அன்னையைத் தேடிச் சென்று பார்த்துவிட்டே போனார்.