மாணவர் அபிப்பிராயம்

புத்தகத்தைச் சரியாகப் படிக்காமலே மதிப்புரை எழுதுகிறவர்களை இந்தப் பக்கங்களில் பல தடவை நான் ஏசியிருக்கிறேன். ஆனால் எனக்கே மார்க் போட்ட மதிப்புரை ஒன்று என் கைக்கு வந்தபோது, அதை எப்படிப் படிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

விஷயம் இதுதான். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் படிக்காத என்னை, கதை எழுதுகிறவன் என்கிற ஒரே தகுதியை வைத்து, ஒரு கல்லூரியில் சிறுகதை பற்றி வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். முதல் தடவை 2014-ல், மறுபடியும் 2022-ல். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். அதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

2014-ல் கடைசி வகுப்பு முடிவதற்குக் கால் மணி இருக்கும்போது, அட்டெண்டர் ஒரு கட்டுக் காகிதத்துடன் வந்து, "சார், நீங்க கொஞ்சம் வெளியே இருக்கணும்" என்றார். வெளியே ஒரு வேப்பமரம். அதன் அடியில் போய் நின்றேன். உள்ளே பேச்சு மூச்சில்லை. அதுவரை நான் என்ன சொல்லியும் வராத அமைதி அது. என்னைப் பற்றி எழுதுவதற்கு மட்டும் எப்படியோ வந்துவிட்டது! கால் மணி கழித்து ஒரு மாணவி எல்லாவற்றையும் வாங்கி உறையில் போட்டு, ஒட்டி, ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பரீட்சை முடிவுகள் வெளியான பிறகுதான் அந்தக் கட்டு என் பார்வைக்கு வந்தது. 52 பேர் கொண்ட வகுப்பு. அன்றைக்கு வந்திருந்த 46 பேரும் எழுதியிருந்தார்கள்.

இரண்டு இரவுகள் அதைப் படித்தேன். "பாடத்தைத் தெளிவாக விளக்கினாரா?" என்பதற்கு ஒரு பையன் 2 போட்டு, அதை அடித்து 4 போட்டு, அதையும் அடித்துவிட்டு 3 போட்டிருந்தான். அந்த ஒரு கட்டத்துக்குள் ஒரு சிறுகதையே நடந்திருக்கிறது. இன்னொரு ஆசாமி கையெழுத்துத் தெரியக் கூடாது என்று எழுத்தெழுத்தாகப் பிரித்து எழுதிக்கொண்டே வந்து, கடைசி வரியில் தன்னை மறந்து சொந்தக் கையெழுத்துக்கு வந்துவிட்டார். "சார் தன் கதைகளைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டால் நல்லது" என்பது அந்த வரி. என்னைப் பற்றி வந்த விமரிசனங்களில் இவ்வளவு பயன்பட்டது வேறொன்று இல்லை. குறைத்துக்கொண்டேன்.

காகித முறை பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அன்றைக்கு வராத ஆறு பேரின் அபிப்பிராயம் யாருக்கும் தெரியாது. வகுப்புக்கே வராதவர்களின் அபிப்பிராயமும் ஒரு அபிப்பிராயம்தானே? சின்ன வகுப்பில் ஆசிரியருக்குக் கையெழுத்துப் பழகியிருக்கும் என்ற பயம் மாணவர்களுக்கு நியாயமாகவே உண்டு. இதற்கெல்லாம் மேலே, அந்தக் கட்டுகளைச் சணல் கயிற்றால் கட்டிப் பீரோவில் போட்டுவிடுவார்கள். நானாகக் கேட்டிராவிட்டால் என்னுடையதும் அங்கேதான் கிடந்திருக்கும்.

மாணவர்கள் ஆசிரியருக்கு மார்க் போடும் இந்த வழக்கம் நம் ஊர்ச் சரக்கல்ல. அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்திலுள்ள பர்டியூ சர்வகலாசாலையில் ஹெர்மன் ரெம்மர்ஸ் என்கிற மனோதத்துவப் பேராசிரியர் 1927-லேயே இதற்கென்று ஓர் அளவுகோல் வெளியிட்டிருக்கிறார். இங்கே அது பரவியதற்கு, பெங்களூரில் 1994-ல் ஏற்பட்ட 'நாக்' என்னும் தரமதிப்பீட்டுக் குழு ஒரு பெரிய காரணம். அந்தக் குழு 2017-ல் கொண்டுவந்த புதிய முறையில் 'மாணவர் திருப்தி' பற்றி 21 கேள்விகள் இருந்தன. அவற்றை மாணவர்களுக்கு ஆன்லைனிலேயே அனுப்பினார்கள். மேலே ஆன்லைன் என்றால் கீழேயும் ஆன்லைன்தானே?

ஆகவே 2022-ல் வேப்பமரம் இருந்தது. அதனடியில் நிற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மாணவர்களின் கைபேசிக்கு ஒரு லிங்க் போயிற்று. பத்து நாள் தவணை. இஷ்டமிருந்தால் நிரப்பலாம். 58 பேரில் என்னைப் பற்றி நிரப்பியவர்கள் 9 பேர். நீலமும் பச்சையுமாகப் பட்டைகள் போட்டு ஒரு தாள் வந்தது. சராசரி 4.22. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அந்த .22 என்பது என்ன என்று நெடுநேரம் யோசித்தேன்.

நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் சர்வகலாசாலையைச் சேர்ந்த டங்கன் நல்ட்டி 2008-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பல இடங்களில் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, காகிதத்தில் கேட்டால் சராசரியாக நூற்றுக்கு 56 பேரும் ஆன்லைனில் கேட்டால் 33 பேரும்தான் பதில் தருகிறார்கள் என்று கண்டிருக்கிறார். எழுதுகிறவர்கள் சற்று நீளமாக எழுதுகிறார்கள் என்பது ஆன்லைனுக்கு ஓர் அனுகூலம். நிதானமாக, வீட்டில் உட்கார்ந்து, கையெழுத்துப் பயமில்லாமல் எழுதலாமல்லவா? ஆனால் யார் எழுதுகிறார்கள்? எனக்கு வரும் வாசகர் கடிதங்களை வைத்துச் சொல்கிறேன்: கதை பிடித்துப்போய்ப் பரவசப்பட்டவர் எழுதுவார், கோபம் தலைக்கேறியவர் எழுதுவார். படித்தேன், நன்றாயிருந்தது, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கினேன் என்கிறவர் எழுதுவதே இல்லை. நான் எழுதுவதோ அவருக்காகத்தான்.

என்னைப் பொறுத்தவரை இதெல்லாம் தமாஷ். 4.22 வந்தாலும் 2.24 வந்தாலும் என் சோற்றில் மண் விழப்போவதில்லை. அதே வகுப்புக்கு இலக்கணம் எடுத்த ஆசிரியையின் நிலைமை அப்படியல்ல. வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலை அவருக்கு. கண்டிப்பானவர். ஒற்றுப் பிழைக்குச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, 58 நோட்டுகளையும் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தச் சுறுசுறுப்பைக் கண்டு எனக்கு வெட்கமாகக்கூட இருந்திருக்கிறது. சராசரி 3.5-க்குக் கீழே போனால் ஒப்பந்தம் நீடிக்காது என்பது நிர்வாகத்தின் விதி. அவருக்கு வந்தது 3.36.

அந்தத் தாளை என்னிடம் காட்டினார். அழவில்லை. "சார், இதை நீங்க எப்படிப் படிப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். பட்டைகளுக்குக் கீழே சிறிய எழுத்தில் விவரம் இருந்தது. பதில் அளித்தவர்கள் 11 பேர். 5 போட்டவர்கள் இரண்டு பேர்; 4 போட்டவர்கள் ஆறு பேர்; 1 போட்டவர்கள் மூன்று பேர். மூன்றுக்குப் படிவம் கொடுத்திருந்த அர்த்தம் 'சுமார்'. மூன்று என்று ஒருவர்கூடப் போடவில்லை. அந்த அம்மாள் சுமார் என்று வகுப்பில் ஒரு ஜீவன்கூட வாய் திறந்து சொல்லவில்லை, சராசரிதான் சொல்லிற்று. அந்த மூன்று பேரை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் 4.25, என்னைவிட ஒரு மயிரிழை அதிகம். விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்று பேருக்கும் ஏதோ குறை இருந்திருக்கிறது. அது என்ன என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஆசிரியைக்குப் பிரயோஜனமாக இருந்திருக்கும். எழுதவில்லை. பாக்கி 47 பேர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு நாவலில் பாதி அத்தியாயங்களைக்கூடப் படிக்காமல் மதிப்புரை எழுதுகிறவரை நாம் விமரிசகர் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வகுப்பைக் கேட்டுவிட்டு இரண்டாவது தசம ஸ்தானம் வரை தீர்ப்புச் சொல்கிற தாளை மட்டும் ஏன் ஒப்புக்கொள்கிறோம்? அச்சில் வந்த எண்ணுக்கு அப்படியொரு மரியாதை! காகிதம் இருந்தபோது அந்த மரியாதையைக் கொஞ்சம் குறைக்க அடித்தல் திருத்தல்களாவது இருந்தன.

இந்த வழக்கு ஒன்று கானடாவில் தீர்ந்திருக்கிறது. டொரான்டோவில் அப்போது ரையர்சன் என்றும், 2022 முதல் டொரான்டோ மெட்ரோபாலிடன் என்றும் பெயர் வழங்குகிற சர்வகலாசாலையில் ஆசிரியர் சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இதைப் பற்றித் தகராறு. மத்தியஸ்தர் வில்லியம் கேப்லன் 2018-ல் தீர்ப்பளித்தார். மாணவர் போடும் மார்க்கின் சராசரியைக் கொண்டு ஒருவர் எவ்வளவு நன்றாகக் கற்பிக்கிறார் என்று அளந்து, அவருடைய பதவி உயர்வையும் நிரந்தரத்தையும் தீர்மானிக்கக் கூடாது என்பது தீர்ப்பு. மாணவர்களை வாயடைக்கச் சொல்லவில்லை அவர். தங்கள் அனுபவத்தைச் சொல்ல அவர்களைவிடத் தகுந்தவர் யார்? சொன்னது கேட்டதா, புரிந்ததா, நோட்டு சமயத்தில் திரும்பி வந்ததா என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நோட்டு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் வட கரோலினா மாகாண சர்வகலாசாலையில் ஒரு சோதனை செய்து, அதை 2015-ல் பிரசுரித்தார்கள். ஆன்லைன் வகுப்பு, மாணவர்கள் ஆசிரியர் முகத்தைப் பார்க்கவில்லை. ஆண் ஒருவர், பெண் ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குத் தம் பெயரிலும், இன்னொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் நடத்தினார்கள். மாணவர் வேலைகளைத் திருத்திக் கொடுத்தது எல்லோருக்கும் ஒரே சமயத்தில். அப்படியிருந்தும் தாமதமில்லாமல் கொடுத்தாரா என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு விழுந்தது 4.35, பெண் பெயருக்கு 3.55. நாற்பத்துச் சொச்சம் மாணவர்களைக் கொண்ட சிறிய சோதனைதான். இருந்தாலும் அந்த அம்மாளின் சிவப்பு மையை நினைத்துக்கொண்டேன். ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்து மருத்துவ மாணவர்களில் பாதிக் குழுக்களுக்கு வகுப்பில் சாக்லேட் பிஸ்கட் வைத்துப் பார்த்து, அந்தக் குழுக்கள் ஆசிரியருக்கும் பாடத்துக்கும் கூடுதல் மார்க் போட்டதாக 2018-ல் எழுதியிருக்கிறார்கள். இதைப் படித்த நம் ஊர் ஆசிரியர்கள் யாரும் முறுக்கு வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போகமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

மெஷினைத் திட்டிப் பிரயோஜனமில்லை. வகுப்பிலேயே பத்து நிமிஷம் ஒதுக்கி, ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டு, மாணவர்கள் தங்கள் கைபேசியிலேயே நிரப்பும்படி செய்கிற சர்வகலாசாலைகள் அமெரிக்காவில் இருக்கின்றன. அப்படிச் செய்தால் பதில்கள் கூடுகின்றன. ஆன்லைனும் இருக்கட்டும், வேப்பமரமும் இருக்கட்டும் என்று கல்லூரி முதல்வரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனுஷர்தான், காப்பி கொடுத்தார். "அதுக்குப் பீரியட் எங்கே சார்? போர்ஷனே முடியல்லே" என்றார். காகிதச் செலவு மிச்சம், ஆள் மிச்சம் என்றெல்லாம் பேசினாலும், மிச்சம் பிடித்தது அந்தக் கால் மணியைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த வருஷம் பதில்கள் போதவில்லை என்று நிர்வாகத்துக்கும் பட்டது போலிருக்கிறது. படிவத்தை நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் என்று உத்தரவு போட்டார்கள். நூற்றுக்கு நூறு பதில் வந்தது. ஒரு மாணவியிடம் விசாரித்தேன். "பஸ்ஸிலே வரும்போதே எல்லாருக்கும் அஞ்சு அஞ்சு போட்டுட்டேன் சார். உங்களுக்கும்தான்" என்றாள், ஏதோ டிக்கெட் எடுத்துக் கொடுத்த உபகாரத்தைப் போல.

ஆசிரியை இப்போது வேறொரு ஊரில் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார். அந்த 58 பேரில் ஒரு பையனைச் சில மாதங்களுக்கு முன் புத்தகக் கடையில் பார்த்தேன். இலக்கணப் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தான். ஏதோ பரீட்சை எழுதப் போகிறானாம். அந்த அம்மாள் நடத்தியதுதான் இன்றைக்கும் கைகொடுக்கிறது என்றான். "அவங்க ஏன் சார் திடீர்னு போயிட்டாங்க?" என்று கேட்டான்.

"அந்த வருஷம் படிவம் வந்ததே, நீ நிரப்பினாயா?" என்றேன்.

"இல்லே சார். நல்லாத்தானே நடத்தினாங்க? எழுதறதுக்கு என்ன இருக்குன்னு விட்டுட்டேன்."